வீடியோ தாவுது மாப்ள

மாப்ள,

இன்று காலையில் கடை மேசையின் இழுப்பறையைக் கவிழ்த்துக் கொட்டினேன். ஒரு சின்ன ஸ்க்ரூவைத் தேடப்போய், உப்பிப்போன பேட்டரிகள், கீறல் விழுந்த டிஸ்ப்ளேக்கள், எந்தப் போனுக்கு என்று எனக்கே மறந்துபோன மூடிகள் எல்லாம் மேசை முழுக்கப் பரவிவிட்டன. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு நாள்காட்டித் தாள் நான்காக மடித்துக் கிடந்தது. முன்பக்கம் கிழமையும் ராகுகாலமும். பின்பக்கம் நீ பென்சிலால் எழுதிய எண்கள். 3.12, 7.40, 11.05. ஒரு கோடு. அதற்குக் கீழே ‘மறுக்கா பாத்தது’ என்று எழுதி, வேறு எண்கள். இன்னொரு கோடு, அதற்குக் கீழேயும் வேறு எண்கள். கடைசியில் ‘மாப்ளகிட்ட கேக்கணும்’ என்று இருந்தது.

கேட்டாய். நானும் பெரிய இவன் மாதிரி பதில் சொன்னேன்.

ஸ்க்ரூ கிடைக்கவில்லை. வந்த இரண்டு பேரை நாளைக்கு வரச் சொல்லிவிட்டு, ஷட்டரைப் பாதி இறக்கி உள்ளே உட்கார்ந்திருக்கிறேன். வெளியே தல்லாகுளத்துப் பஸ்கள் ஹாரன் அடிக்கின்றன. கோர்ட்டுக்கு வந்தவர்கள் டீக்கடையில் நின்று வக்கீலைத் திட்டிக்கொண்டிருக்கிறார்கள். நீ போய் எட்டு மாதம் ஆகிறது. இந்த எட்டு மாதமும் யாரிடமும் உன் பேச்சை எடுக்காமல் தப்பித்துத் திரிந்தேன். நமக்குள் எப்போதும் வாய்ஸ் மெசேஜ்தான். நீ டைப் அடிக்க மாட்டாய். ‘என் வெரலு தடி மாப்ள, ஒண்ண அமுக்குனா மூணு விழுகுது’ என்பாய். இப்போது பேசி அனுப்ப வழியில்லாததால் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதுகிறேன்.

முதலில் இந்த மாப்ள கதையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாம் அங்கேதான் தொடங்குகிறது என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. வாடிப்பட்டிப் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். யார் யாரை முதலில் மாப்ள என்று கூப்பிட்டோம் என்று நினைவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ எங்கள் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தி, ‘மாப்ள, வாரியா?’ என்று கூப்பிட்டாய். அப்பா வெளியே வந்து உன்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, ‘அவன் உனக்கு எப்படிடா மாப்ள ஆவான்?’ என்று கேட்டார். உன் அப்பாவும் அம்மாவும் எங்கள் வயலில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். சிரித்து மழுப்பினேன். அதன்பிறகு எங்கள் தெருவுக்குள் வந்தால் நீ என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாய், தெருமுனை தாண்டியதும் மாப்ள ஆகிவிடுவேன். இப்படி வைத்துக்கொள்ளலாம் என்று நான் சொல்லவில்லை, நீயாகவே வைத்துக்கொண்டாய். அதைப் பற்றி நாம் ஒருநாளும் பேசியதில்லை. நான் என்ன சொன்னாலும் ‘நீ சொன்னா சரியாத்தான் இருக்கும் மாப்ள’ என்று நீ ஒத்துக்கொண்டதெல்லாம் எங்கிருந்து வந்தது என்று இப்போதுதான் யோசிக்கிறேன். அப்போது அது எனக்கு வசதியாக இருந்தது.

நீ மோட்டாருக்குச் செம்புக்கம்பி சுற்றிக் காயில் கட்டக் கற்றுக்கொண்டாய், நான் போன் கழற்றக் கற்றுக்கொண்டேன். நீ வாடிப்பட்டியிலேயே கடை போட்டாய். ஒன்றரை ஏக்கர் வாங்கினாய், உங்கள் வீட்டில் முதன்முதலாகப் பட்டாவில் ஏறிய பெயர் உன்னுடையது. நான் மதுரைக்கு வந்துவிட்டேன். மாதத்துக்கு ஒருமுறை சாமான் வாங்க நீ மதுரைக்கு வருவாய், என் கடையில் அரை நாள் உட்காருவாய். பொங்கலுக்கு நான் அங்கே வருவேன். ஒருமுறை உன்னோடு தோட்டத்துக்கு வந்து நீ வேலை பார்ப்பதைப் பார்த்தேன். மோட்டாரில் கை வைக்கும் முன்னால் நீ கிணற்றைச் சுற்றி வந்தாய். தண்ணீர் எம்புட்டு இறங்கியிருக்கிறது, யார் சுவிட்சைப் போடுகிறார்கள், எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று தோட்டக்காரரைக் குடைந்தாய். அதன்பிறகுதான் ஸ்க்ரூடிரைவரின் முனையை மோட்டார் மேல் வைத்து, பிடியைக் காதில் அழுத்திச் சத்தம் கேட்டாய். எனக்குச் சிரிப்பு வந்தது. ‘மோட்டார்ல பாதி, கெணத்துல பாதி மாப்ள’ என்றாய். நான் அன்று அதை ஒரு வார்த்தையாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

போன வருடம் பொங்கல் முடிந்த வாரம் நீ போன் செய்தாய். அந்தப் பக்கத்துத் தோட்டங்களிலெல்லாம் சோலார் மோட்டார் வந்துகொண்டிருந்தது. அதன் கண்ட்ரோலர் பெட்டி பழுதானால் பார்க்க ஆளில்லை. நாற்பத்தாறு வயதில் நீ அதை வீடியோ பார்த்துக் கற்றுக்கொள்ள உட்கார்ந்துவிட்டாய். தினமும் மதியம் சாப்பிட்ட பிறகு ஒரு மணி நேரம் பாடம். அந்தப் பாடம்தான் பிரச்சினை என்றாய்.

‘வீடியோ தாவுது மாப்ள.’

‘தாவுதுன்னா? சுத்துதா? நடுவுல வட்டம் வருதா?’

‘வட்டமெல்லாம் வரல. அந்தாளு கையில ஸ்பேனர வச்சிருக்காரு. அடுத்த நொடி பாத்தா ஸ்பேனர் கீழ கெடக்கு, மூடியக் கழட்டி முடிச்சிட்டாரு. நடுவுல என்ன பண்ணாருன்னே தெரியல.’

எவ்வளவு சரியாகச் சொல்லியிருக்கிறாய். கடைக்கு வருகிறவர்கள் ‘போன் என்னமோ பண்ணுது’ என்பதற்கு மேல் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். நீ ஸ்பேனர் எங்கே இருந்தது என்று வரை சொன்னாய். நான் ஒரு போனைக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு இன்னொரு போனுக்குச் சார்ஜிங் பின் மாற்றியபடியே, ‘நெட்டு ஸ்லோவா இருக்கும்டா, வீடியோ குவாலிட்டியக் கொறச்சு வச்சுப் பாரு’ என்றேன்.

குறைத்து வைத்தாய். படம் மங்கலானது, தாவுவது நிற்கவில்லை. ஆப்பை அப்டேட் செய்யச் சொன்னேன். கேஷ் அழிக்கச் சொன்னேன். ‘கேஷுன்னா?’ என்று கேட்டாய். போன் மூலையில் சேரும் குப்பை என்றேன். அன்று மாலையே அழித்துவிட்டு, ‘குப்ப அள்ளியாச்சு மாப்ள, ஆனா தாவுது’ என்று மெசேஜ் அனுப்பினாய். போனில் இடமில்லாமல் இருக்கும், காலை வணக்கம் படங்களையெல்லாம் அழி என்றேன். முந்நூறு காலை வணக்கத்தை உட்கார்ந்து அழித்தாய். வீடியோவை டவுன்லோடு செய்து பார், அப்போது நெட்டுக்கு வேலையே இல்லை என்றேன். டவுன்லோடு செய்ததும் தாவியது. அப்படியென்றால் மெமரி கார்டு மெதுவான கார்டு என்று அதையும் மாற்றச் சொன்னேன். நான் சொன்ன ஒவ்வொன்றும் தொழிலில் சரியான பதில்தான், மாப்ள. இன்றைக்கும் வீடியோ தகராறு என்று ஒருவர் வந்தால் இதே வரிசையில்தான் போவேன். அதனால்தான் என்னால் இதிலிருந்து தப்பிக்க முடியவில்லை.

மாசி மாதம் நீ நேரில் வந்தாய். காயில் கம்பிக் கட்டு ஒரு கையில், போன் ஒரு கையில். இந்த நாள்காட்டித் தாளைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து மேசையில் விரித்தாய். ஒரே வீடியோவை மூன்று தடவை பார்த்து எந்தெந்த நிமிடத்தில் தாவியது என்று குறித்து வந்திருந்தாய். உன் முகத்தில் ஒரு பெருமை இருந்தது, பிடித்துவிட்டேன் பார் என்கிற மாதிரி. நான் அந்த வீடியோவை முதலிலிருந்து கடைசி வரை இரண்டு தடவை ஓட்டினேன். ஒரு இடத்தில்கூடத் தாவவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து நீயும் பார்த்தாய். அன்றைக்குப் பார்த்து உனக்கும் தாவவில்லை.

‘பாரு, நல்லாத்தானடா ஓடுது’ என்றேன். தாளை எடுத்துப் பார்த்துவிட்டு, ‘ஒரே வீடியோ மூணு தடவ பாத்தா மூணு வேற எடத்துலயா தாவும்? வீடியோவுல குத்தம் இருந்தா ஒரே எடத்துலல்லடா தாவணும்?’ என்று சிரித்தேன். ‘மத்தியானம் சோத்த ஒரு கட்டு கட்டிட்டு உக்காந்தா கண்ணு சொருகத்தான் செய்யும்.’

‘தூங்கலடா மாப்ள, நல்லா முழிச்சிட்டுத்தான் இருந்தேன்’ என்றாய். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, ‘நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்’ என்று போனைப் பையில் போட்டுக்கொண்டாய். தாளை மேசையிலேயே விட்டுப் போனாய். நான் அதை இழுப்பறைக்குள் தள்ளியிருக்கிறேன்.

எண்கள் மாறி மாறி வந்தால் குற்றம் வீடியோவில் இல்லை என்பது வரை என் புத்தி ஓடியது. அதற்கு அடுத்த படியில் கால் வைக்கவில்லை.

பங்குனியில் நீ புதுப் போன் வாங்கினாய். அதிலும் தாவியது. இரண்டு போனிலும் ஒரே கோளாறு என்றால் இரண்டுக்கும் பொதுவாக என்ன இருக்கிறது என்று தேட வேண்டும். தொழிலுக்கு வருகிற யாருக்கும் நான் முதல் வாரத்தில் சொல்லிக்கொடுக்கிற பாடம் இது. தேடினேன். சிம் பொது. சிம்மை மாற்றச் சொன்னேன். சார்ஜர் பொது. சார்ஜரில் போடாமல் பார் என்றேன். உன் ஊர் டவர் பொது என்று டவரையும் திட்டினேன். இரண்டு போனையும் பிடித்திருந்த கை ஒன்றுதான் என்பது மட்டும் எனக்குத் தோன்றவில்லை.

இதுவரை எழுதியது எவனுக்கும் நடந்திருக்கலாம், தெரியாமல் செய்தது என்று சொல்லிக்கொள்ளலாம். இனிமேல் எழுதப்போவது அப்படியில்லை.

சித்திரை மாதம் ஒரு மதியம் நீ வீடியோ கால் செய்தாய். பழைய போனில் என்னைக் கூப்பிட்டு, புதுப் போனில் பாடத்தை ஓடவிட்டு, தாவும்போது எனக்கே காட்டிவிடுவது என்று திட்டம். பழைய போனைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்திருந்தாய். உன் முகமும், உனக்குப் பின்னால் மேலே மின்விசிறியும், சுவரில் ஒரு மோட்டார் கம்பெனி நாள்காட்டியும் தெரிந்தன. ‘இந்தா பாரு மாப்ள, இப்ப பச்ச ஒயர எடுக்குறாரு, எடுத்து இந்தப் பக்கம்…’ என்று சொல்லிக்கொண்டே வந்தவன் நின்றுவிட்டாய். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. கண் எங்கேயோ பார்த்தபடி நின்றது. நான் ஹலோ ஹலோ என்றேன். புதுப் போனிலிருந்து பாடம் எடுப்பவரின் குரல் மட்டும் விடாமல் வந்துகொண்டிருந்தது. குரல் வருகிறது, படம் நின்றுவிட்டது, டேட்டா போதவில்லை என்று நினைத்தேன். தினமும் பார்க்கிற கோளாறுதான்.

ஆனால் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, மாப்ள.

உன் தலைக்கு மேலே அது சுற்றியதை நான் பார்த்தேன். சுவரில் நாள்காட்டித் தாள் காற்றில் தூக்கித் தூக்கி அடித்தது. நின்றிருந்தது நீ மட்டும்தான். என் கண் அதைப் பார்த்தது, என் புத்தி அதை வாங்கவில்லை. பத்துப் பதினைந்து நொடி இருக்கும். பொறுமையில்லாமல் காலைத் துண்டித்துவிட்டுத் திரும்பக் கூப்பிட்டேன். நீ எடுக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

‘ஏன் மாப்ள கட் பண்ண?’ என்றாய். உடனே உன் குரலில் உற்சாகம் ஏறியது. ‘பாத்தியா, இப்பக்கூட தாவிருச்சு! பச்ச ஒயர எடுத்தாரு, பாத்தா செவப்பு ஒயர மாட்டிட்டிருக்காரு. நீ பாத்தேல்ல?’

‘உன் மூஞ்சியே நின்னுபோச்சுடா’ என்றேன். ‘அம்புட்டும் நெட்டுதான். உன் வீடு இருக்க எடத்துக்கு டவரே எடுக்கல. இதுக்குத்தான் மூணு மாசமா என் உயிர எடுத்தியா? மொட்ட மாடியில போயிப் பாரு, போ.’

டவுன்லோடு செய்த வீடியோவுக்கு டவர் எதற்கு என்று நீ கேட்டிருக்கலாம். அதை உனக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். நீ கேட்கவில்லை. ‘சரி மாப்ள’ என்றாய். அதன்பிறகு பத்து நாள் உன்னிடமிருந்து ஒன்றுமில்லை. நானே கேட்டதற்கு, ‘சரியாயிருச்சு மாப்ள, இப்பத் தாவல’ என்று பதில் வந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது. சரியாகியிருக்காது என்று எனக்குத் தெரியாதா? இன்னொரு தடவை கேட்டால் மாப்ளைக்கு எரிச்சல் வரும் என்று நீ நிறுத்திக்கொண்டாய். எங்கள் தெருவுக்குள் நுழையும்போது என் பெயரைச் சொன்ன மாதிரிதான் இதுவும்.

வைகாசியில் ஒரு தோட்டத்துக் கிணற்றில் மோட்டாரை மேலே தூக்கும் வேலை. மூன்று பேர் கயிறு பிடித்திருந்தார்கள், நீ விளிம்பில் நின்று பைப்பைப் பிடித்திருந்தாய். கயிறு நழுவியதும் ‘விடுண்ணே, விடுண்ணே’ என்று அவர்கள் கத்தியிருக்கிறார்கள். நீ விடவில்லை, திரும்பவில்லை, பைப்போடு போய்விட்டாய். கிணற்றில் தண்ணீர் குறைவு, பாறைதான்.

மதுரை ஆஸ்பத்திரிக்கு நான் வந்தபோது உன் தலையில் கட்டு. உன் வீட்டுக்காரி சுவரோரம் நின்றிருந்தாள். ஸ்கேன் எடுத்த டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் உள்ளே கூப்பிட்டார். விழுந்ததில் பட்ட அடி தனி, அதற்கு முன்பே தலைக்குள் ஒரு சின்னக் கட்டி இருந்திருக்கிறது என்றார். ‘இதுக்கு முன்னாடி எப்பவாச்சும் கொஞ்ச நேரம் அப்படியே நின்னுபோயிருக்காரா? கூப்பிட்டா பதில் இல்லாம, வெறிச்சுப் பாத்துட்டு? இதுவும் ஒரு வகை வலிப்புதான். பத்துப் பதினஞ்சு செகண்ட் இருக்கும். அவருக்கே தெரியாது. நடுவுல கொஞ்சம் விட்டுப்போன மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.’

ஸ்பேனர், பச்சை ஒயர், மின்விசிறி எல்லாம் ஒரே நேரத்தில் வந்து நின்றன. டாக்டர் உன் வீட்டுக்காரியைப் பார்த்தார். அவள் இல்லையென்று தலையாட்டினாள். பிறகு என்னைப் பார்த்தார்.

‘இல்ல சார்’ என்றேன்.

‘தெரிஞ்சிருந்தா மாத்திரையிலயே கட்டுப்படுத்தியிருக்கலாம். முக்கியமா கெணறு, உயரம், வண்டி எதுக்கும் விட்டிருக்க மாட்டோம்’ என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டார். ஒன்பது நாள் நீ கண் திறக்காமல் கிடந்தாய். அந்த ஒன்பது நாளில் ஒருநாளாவது உன் காதோரம் குனிந்து இதைச் சொல்லியிருக்கலாம். பக்கத்தில் ஆள் இருக்கிறது, ஆள் இருக்கிறது என்று தள்ளிப்போட்டேன். கருமாதி அன்று உன் சொந்தக்காரர்கள், ‘இவருதான் கூடவே நின்னு பாத்துக்கிட்டாரு, கூடப் பொறந்தவன்கூட இப்படிப் பாக்க மாட்டான்’ என்று என்னைக் காட்டி மற்றவர்களிடம் சொன்னார்கள். வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

இங்கே நிறுத்துகிறேன். வெளியே யாரோ ஷட்டரைத் தட்டுகிறார்கள்.

*

மாப்ள, மேலே எழுதியதை வைத்துவிட்டுப் பன்னிரண்டு நாள் ஆகிறது. கிழித்துப் போடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் இறந்தவனுக்கு எழுதுவது ரொம்ப லேசு. நீ எதிர்த்துப் பேசப்போவதில்லை, உயிரோடு இருந்தபோதும் பேசியதில்லை. இதைக் கேட்க வேண்டியவள் வாடிப்பட்டியில் இருக்கிறாள். நேற்று ஞாயிற்றுக்கிழமை, வண்டியை எடுத்துக்கொண்டு போனேன்.

வழியெல்லாம் என்ன சொல்வதென்று ஒத்திகை பார்த்தேன். சொன்னால் அவள் மண்ணை வாரித் தூற்றலாம், இனிமேல் இந்தப் பக்கம் வராதே என்று சொல்லலாம். உன் வீட்டு வாசல் ஒன்றுதான் உன்னோடு எனக்கு மிச்சம், அதுவும் போய்விடும். சமயநல்லூர் தாண்டியதும் திரும்பிவிடலாமா என்று ஒரு டீக்கடையில் நிறுத்தினேன். டீயைக் குடித்துவிட்டுப் போனேன்.

அவள் வாசலில் கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, ‘வாங்கண்ணே’ என்று நாற்காலியை எடுத்துப் போட்டாள். பழக்கம் மாதிரி டீ போட உள்ளே போகப்போனவளை, ‘வேணாம்மா, உக்காரு’ என்றேன். கொஞ்ச நேரம் மழை, கடலை விலை என்று பேசினோம். நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். அதற்குள் அவள் ஆரம்பித்துவிட்டாள்.

‘அண்ணே, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். யார்கிட்டயும் சொல்லல.’ கடலையை உடைப்பதை நிறுத்தாமலே பேசினாள். ‘அந்த டாக்டரு கேட்டாருல்ல, அப்படியே நின்னுபோயிருக்காரான்னு. இல்லன்னு தலையாட்டுனேன். நான் பாத்திருக்கேண்ணே.’

நான் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தேன்.

‘மத்தியானம் போனு பாத்துட்டு உக்காந்திருப்பாரு. கூப்டுவேன். திரும்ப மாட்டாரு. ரெண்டு தடவ கூப்டுவேன், மூணாந்தடவ கோவம் வந்து தோளப் புடிச்சு உலுக்குவேன். அப்பத்தான் என்னங்கிற மாதிரி பாப்பாரு. போனப் பாக்குறப்ப எந்த ஆம்பளதாண்ணே கூப்ட ஒடனே திரும்புறான்? ஊரே அப்பிடித்தான இருக்கு? அப்பிடித்தான் நெனச்சேன். ஒருநாளு வாயில எச்சி ஒழுகிருச்சு. வாயப் பொளந்துக்கிட்டுப் பாக்குறதப் பாருன்னு சிரிச்சேண்ணே. சிரிச்சேன்.’

அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நான், ‘உன் தப்பு இல்லம்மா, யாருக்குத் தெரியும், யாரா இருந்தாலும் அப்படித்தான் நெனப்பாங்க’ என்றேன். எவ்வளவு சரளமாக வந்தது தெரியுமா அந்த ஆறுதல். நானே எனக்குச் சொல்லிப் பார்த்து ஒட்டாமல் போன வார்த்தைகள்தான் அத்தனையும். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ‘ஒங்ககிட்ட சொன்னதும் பாரம் கொறஞ்ச மாதிரி இருக்குண்ணே’ என்றாள். நல்லது என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன். ஆமாம் மாப்ள, எழுந்துவிட்டேன். அவள் இருக்கிற நிலைமையில் என்னுடையதையும் எதற்கு அவள் தலையில் ஏற்றுவது என்று ஒரு நல்ல காரணம் தயாராகக் கிடைத்தது. வண்டியில் ஏறிச் சாவியைத் திருகினேன். வண்டி கிளம்பிவிட்டது. அவள் வாசலில் நின்று, ‘பாத்துப் போங்கண்ணே’ என்றாள்.

வண்டியை அணைத்துவிட்டு இறங்கி வந்தேன். நாற்காலியில் உட்காரவில்லை, நின்றுகொண்டே சொன்னேன். ஸ்பேனரிலிருந்து மின்விசிறி வரை ஒன்றுவிடாமல் சொன்னேன். ‘மூஞ்சியே நின்னுபோச்சுடா’ என்று நான் எரிந்து விழுந்ததையும், டாக்டரிடம் இல்லை என்றதையும், கருமாதிச் சோற்றை வாயை மூடிக்கொண்டு தின்றதையும் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவள் கடலைத் தோலையே கிளறிக்கொண்டிருந்தாள். பிறகு தனக்குத்தானே கணக்குப் போடுகிற மாதிரி மெதுவாகச் சொன்னாள்:

‘அப்ப நீங்களும் பாத்திருக்கீக. நானும் பாத்திருக்கேன். வீடியோ தாவுதுன்னு அவரு ஒங்ககிட்ட மட்டும் சொன்னாரு. கூப்டா திரும்பலங்கிறது எனக்கு மட்டும் தெரியும். ஒரே ஒரு தடவ நீங்களும் நானும் ஒக்காந்து பேசியிருந்தா…’

அவள் முடிக்கவில்லை. முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் அங்கேயே நின்றேன். வருடா வருடம் பொங்கலுக்கு உன் வீட்டுக்கு வந்திருக்கிறேன். அவள் டீயைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவாள், நான் டம்ளரை வாங்கும்போது ‘நல்லாருக்கியாம்மா’ என்பேன், அவள் பதில் சொல்லும் முன்பே உன் பக்கம் திரும்பிவிடுவேன். உன்னை மாப்ள என்று கூப்பிட்ட நான், அவளுக்கு ஒரு உறவுமுறை வைத்துக் கூப்பிட்டதில்லை. போனை அவளிடம் கொடுக்கச் சொல்லி, ‘ஏம்மா, இவன் வீடியோ பாக்குறப்ப நீ பக்கத்துல இருந்திருக்கியா?’ என்று கேட்க ஒரு நிமிடம் போதும். ஊரில் உள்ள போனையெல்லாம் கேள்வி கேட்டுக் கழற்றத் தெரிந்தவனுக்கு அந்தக் கேள்வி வரவில்லை.

அவள் விட்ட இடத்திலேயே அந்த வாக்கியம் என்னோடு வந்துவிட்டது. கடையில் உட்கார்ந்திருக்கும்போதும் பஸ் சத்தத்துக்கு நடுவிலும் அதைத்தான் முடித்து முடித்துப் பார்க்கிறேன்.

மாப்ள, உனக்குக் கல்யாணமாகிப் பத்தொன்பது வருடம். நேற்றுதான் நான் உன் வீட்டுக்காரியிடம் முதல்முறையாகப் பேசினேன்.